காசில் எழுத்தும் உருவமும் காணாமல் போவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கு வந்த சில்லறையில் ஓர் எழுத்தோ, எண்ணோ, உருவத்தில் ஒரு துண்டோ இல்லாததைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முதலில் வரும், சிக்கலானவை பின்னால். முதல் மூன்றைப் படித்துவிட்டுத் தாவினால் நல்லது. பின்வரும் பதில்கள் அவற்றையே அடிக்கடி சுட்டும்.

1. என் காசுல ஒரு எழுத்தே இல்லை. காசு அடிக்கிற இடத்துல இப்படி எப்படி விட்டுப்போகும்?

காசு பிறக்கும் விதம் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். அவற்றைச் சூளையில் சூடேற்றி மென்மைப்படுத்தி, கழுவி, விளிம்பை உருட்டிச் சற்றே உயர்த்துகிறார்கள். அந்த வெற்று வில்லை ஒரு வளையத்துக்குள் உட்காரும். கீழே ஓர் அச்சும் மேலே ஓர் அச்சும் சேர்ந்து அதை நசுக்கும். அச்சு என்பது கடினமாக்கிய எஃகு. சேகரிப்பாளர்கள் 'டை' என்பார்கள். காசில் மேடாகத் தெரிவதெல்லாம் அச்சில் பள்ளம். அழுத்தத்தில் உலோகம் பிதுங்கிப் போய் அந்தப் பள்ளங்களை நிரப்பினால்தான் எழுத்து எழும்.

ஆக, எழுத்து காணாமல் போக நான்கு வழி உண்டு. பள்ளத்துக்குள் வேறு ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அச்சில் அந்தப் பள்ளமே இல்லை, அல்லது தேய்ந்து ஆழம் குறைந்துவிட்டது. நிரப்புவதற்குப் போதிய உலோகமோ அழுத்தமோ கிடைக்கவில்லை. அல்லது எல்லாம் ஒழுங்காக விழுந்து, காசு வெளியே வந்தபிறகு அழிந்தது. எண்ணிக்கையில் நான்காவதுதான் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிடும். அதனால் சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

2. "எது காணோம்னு பார்க்காதே, எந்த உயரத்துல காணோம்னு பாரு"ன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

இந்தப் பக்கம் முழுவதும் நிற்பது இந்த ஒரு வரியின்மேல்தான். காசின் மிக உயர்ந்த இடம் (கன்னம், தலைமுடி, தோள்) அச்சில் மிக ஆழமான பள்ளம். காசில் தளத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய கோடுகள் அச்சில் மிக மேலோட்டமான பள்ளங்கள்.

உயர்ந்த இடங்கள் மட்டும் மழுங்கியிருந்தால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும்: கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கிறது, அல்லது அழுத்தம் குறைந்து உலோகம் ஆழம்வரை ஏறவில்லை. தாழ்வான நுண்கோடுகள் மறைந்து, உயர்ந்த இடங்கள் கூர்மையாக இருந்தால் அச்சின் முகத்தைத் தேய்த்துத் தீட்டியிருக்கிறார்கள். உயரத்தோடு சம்பந்தமே இல்லாமல் இரண்டு எழுத்து மட்டும் காணாமல் போய், பக்கத்து எழுத்துகள் பளிச்சென்று நின்றால் பள்ளத்தில் ஏதோ அடைத்திருந்தது என்று முதலில் எண்ணலாம். சாதாரணத் தேய்மானம் எழுத்துக்களைப் பொறுக்கி எடுத்துத் தின்னாது.

3. கிரீஸ் அடைச்ச அச்சுன்னு சொல்றாங்க. காசு அடிக்கிற அச்சுக்குள்ள கிரீஸ் எங்கிருந்து வருது?

அச்சடிக்கும் எந்திரம் வேகமாக ஓடக்கூடியது. இன்றைய எந்திரங்கள் நிமிடத்துக்கு 700 காசுகளுக்கு மேலும் அடிக்கின்றன. அசையும் பாகங்களுக்கு எண்ணெயும் கிரீஸும் இல்லாமல் முடியாது. அதில் கொஞ்சம் அச்சின் முகத்துக்கு வந்து சேர்கிறது. வில்லைகளிலிருந்து உதிரும் உலோகத் தூளும் அழுக்கும் அதனுடன் கலந்து பசையாகின்றன. எழுத்து, எண், மின்ட் மார்க் (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு குறி) போன்ற குறுகலான பள்ளங்களில் அது அடைகிறது. அடுத்து வரும் வில்லையின் உலோகத்துக்கு உள்ளே இடமில்லை, எழுத்து விழவில்லை.

இப்படி விழுந்த காசில் காணாமல்போன இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தளத்தின் பளபளப்பு அந்த இடத்திலும் தொடரும், அல்லது சற்று மங்கலாகச் சொரசொரப்பாக இருக்கும். கீறல் இருக்காது. பல காசுகளில் எழுத்தின் நிழல்போல ஒரு மெல்லிய மேடு தெரியும். பாதி எழுத்து முழுதாகவும் மீதி கரைந்ததுபோலவும் இருப்பது மிகச் சாதாரணம். 2005-இல் வெளிவந்த அமெரிக்கக் கான்சாஸ் 25 சென்ட் காசுகள் சிலவற்றில் 'இன் காட் வி ட்ரஸ்ட்' என்பதில் முதல் 'டி' அடைபட்டு 'ரஸ்ட்' ஆனது. கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் துருப்பிடிக்கிறோம் என்று மாறியதால் அந்தக் காசு பெயர் பெற்றது. மற்றபடி அதுவும் சாதாரண கிரீஸ் வேலைதான்.

4. கிரீஸ் மெத்துன்னு இருக்குமே. அவ்ளோ டன் அழுத்தத்துல பிதுங்கி வெளிய ஓடிடாதா?

திறந்த இடத்தில் இருந்தால் ஓடும். எழுத்தின் பள்ளம் குறுகலானது, அடி மூடியது. மேலே உலோகம் வந்து அமர்ந்ததும் வாயும் மூடிவிடுகிறது. திரவத்தையும் பசையையும் நசுக்கிச் சிறிதாக்குவது மிகக் கடினம், ஆகவே சிக்கிய கிரீஸ் உலோகத்தைத் தடுத்து நிற்கும். அடிமேல் அடி விழ விழ உலோகத் தூள் இறுகி, பசை கெட்டியான அடைப்பாகவே மாறிவிடுகிறது.

அடைப்பு அடிக்கு அடி வளரும், கொஞ்சம் உதிரும், சுத்தம் செய்தால் போய்விடும். அதனால் ஒரே அச்சில் வந்த இரண்டு கிரீஸ் காசுகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. இதை நினைவில் வையுங்கள். 18-ஆம் பதிலில் விலைமதிப்பு பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

5. தேய்ஞ்ச காசா, அடிக்கும்போதே விட்டுப்போன காசா? வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேண்டியவை: 5 முதல் 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரே ஒரு மேசை விளக்கு, அதே வகைக் காசில் நல்ல நிலையில் உள்ள ஒன்று. விளக்கைத் தலைக்குமேல் வைக்காமல், காசின் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். காசை விரல்களால் விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அடித்த காசின் தளத்தில் ஒளி சக்கர ஆரம்போலச் சுழலும். தேய்ந்த இடத்தில் அந்தச் சுழற்சி அறுந்து, அங்கே மட்டும் சாம்பல் நிறமாகவோ வழவழப்பாகவோ தெரியும்.

உயர்ந்த இடம் மழுங்கியிருந்தால் லென்ஸில் இன்னொன்றையும் தேடுங்கள். வெற்று வில்லைகள் அச்சுக்கு வருமுன் ஒன்றோடொன்று உரசிக் கீறல் வாங்கியிருக்கும். சரியான அழுத்தத்தில் அந்தக் கீறல்கள் நசுங்கி மறைந்துவிடும். கன்னத்திலோ தோளிலோ அச்சு எட்டாத இடத்தில் அவை பொரிப்பொரியாக அப்படியே நிற்கும். தேய்ந்த காசில் அதே இடம் கூழாங்கல்போல வழவழவென்று இருக்கும். ஒளிச் சுழற்சி எல்லாம் போய்விட்ட பழைய காசில்கூட இந்தச் சோதனை பல நேரம் கைகொடுக்கும்.

6. எழுத்தெல்லாம் கத்தி மாதிரி இருக்கு, நடுவுல முகம் மட்டும் சப்பையா இருக்கு. ஏன்?

அழுத்தக் குறைவு. இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் கொஞ்சம் கூடிவிட்டாலோ, வில்லை மெலிந்திருந்தாலோ, உலோகம் மிக ஆழமான பள்ளத்துக்கு ஏறாமல் நின்றுவிடும். முன்பக்கத்து முகத்துக்கு நேர் பின்னால் பின்பக்கத்திலும் உயரமான உருவம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஒரே இடத்து உலோகத்தை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. ஆகவே சப்பையான இடத்துக்கு நேர் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மழுங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சில வடிவமைப்புகள் பிறவியிலேயே இப்படி. அந்த ஆண்டுக் காசு எல்லாமே அங்கே மழுங்கலாக இருந்தால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

அழுத்தம் மிகமிகக் குறைந்து விழுந்த காசில் விளிம்பும் அரைகுறையாக இருக்கும், ஓரத்து வரிகளும் பலவீனமாக இருக்கும். உலோகம் வெளிநோக்கி விரிந்து வளையத்தில் மோதும்போதுதான் அந்த வரிகள் பதிகின்றன. முகப்பு முழுக்க மங்கல், ஆனால் ஓரத்து வரிகள் கூர்மை என்றால், அழுத்தம் சரியாகவே இருந்தது, அச்சின் முகம் முழுக்க கிரீஸ் பூசியிருந்தது என்று கொள்ளலாம். காசின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர்கள்தான் நிறையப் பேர்.

7. மூணு கால் எருமைக் காசுன்னு ஒண்ணு இருக்காமே. அதுவும் கிரீஸா?

இல்லை, அது தீட்டியதால் வந்தது. எந்திரத்தில் வில்லை வராமல்போய் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால், ஒன்றின் வடிவம் மற்றதில் வடுவாகப் பதியும். அந்த வடுவை நீக்க அச்சின் முகத்தை உரைதூள் கொண்டு தேய்ப்பார்கள். முகம் தேயும்போது மேலோட்டமான பள்ளங்கள் முதலில் மறைகின்றன, ஆழமானவை தப்பிக்கின்றன. 1937-இல் டென்வரில் அடித்த அமெரிக்க 5 சென்ட் காசில் இப்படி ஓர் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில் காட்டெருமையின் வலது முன்னங்கால் போய்விட்டது. குளம்பு மட்டும் நிற்கிறது.

சாதாரணக் காசில் காலைச் சுரண்டி இதைப் போலியாகச் செய்வார்கள். அச்சைத் தேய்த்தபோது காலுக்கு மட்டும் பாதிப்பு வரவில்லை. பின்னங்காலும் அரித்ததுபோல் மெலிந்திருக்கும், வயிற்றுக்குக் கீழிருந்து தரைவரை சிறு புள்ளிமேடுகளின் வரிசை ஒன்று இறங்கும். காலை மட்டும் வழித்து எடுத்த போலியில் இவை இருக்காது.

8. வடிவமைச்சவரோட பேரெழுத்து என் காசுல இல்லை. இதுவும் தீட்டினதாலயா?

வாய்ப்பு அதிகம். இனிஷியல் எழுத்துகள் மிகச் சிறியவை, மேலோட்டமானவை. தீட்டும்போது முதல் பலி அவையே. 1972-இல் டென்வரிலும் 1982-இல் பிலடெல்பியாவிலும் அடித்த சில கென்னடி அரை டாலர்களில் பின்பக்கத்து 'எஃப்ஜி' இல்லாதது இப்படித்தான். ஆனால் வேண்டுமென்றே நீக்கியதும் உண்டு. 1909-இல் லிங்கன் ஒரு சென்ட் காசில் 'வி.டி.பி.' என்ற எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன என்று எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டில் எடுத்துவிட்டார்கள்; 1918-இல்தான் தோள் ஓரத்தில் சிறிதாகத் திரும்ப வந்தன. இடையில் உள்ள ஆண்டுகளின் காசில் அவை இல்லையே என்று வியக்க வேண்டாம்.

9. எழுத்து அழியல, ஆனா ஓரத்தை நோக்கி இழுத்த மாதிரி கரைஞ்சு கிடக்கு. இது என்ன?

கிழடு தட்டிய அச்சு. லட்சக்கணக்கான முறை உலோகம் உரசி ஓடியதில் பள்ளங்களின் கரைகள் தேய்ந்துவிடுகின்றன. காசின் தளத்தில் மையத்திலிருந்து விளிம்புநோக்கி ஓடும் நுண்ணிய கோடுகளும், ஆரஞ்சுத் தோல்போன்ற பரப்பும் தெரியும். பளபளப்பு குறையாது, சொல்லப்போனால் கூடுதலாகவே மின்னும். எழுத்தின் அடி விளிம்போடு கலந்து குழைந்துவிடும். பிழைக் காசு என்று இதற்குத் தனி மதிப்புக் கிடையாது.

10. எழுத்து இருக்க வேண்டிய இடத்துல ஒரு குமிழ் மாதிரி மேடா இருக்கு. அடைப்புன்னா பள்ளமாதானே இருக்கணும்?

நல்ல கேள்வி, சரியான தர்க்கமும்கூட. அடைத்தால் உலோகம் குறையும், மேடு வராது. மேடாக இருந்தால் அச்சில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருக்கிறது. உடைந்த குழிக்குள் உலோகம் புகுந்து வடிவமில்லாத கட்டியாக நிற்கிறது. பெரும்பாலும் விளிம்பை ஒட்டியே வரும், ஏனென்றால் வெடிப்பு ஓரத்திலிருந்து வளைந்து ஓடித் திரும்ப ஓரத்தில் முடியும்போதுதான் துண்டு கழன்று விழுகிறது. கட்டிக்கு நேர் பின்பக்கம் மழுங்கியிருக்க வேண்டும், 6-ஆம் பதிலில் சொன்ன அதே காரணத்தால். பின்பக்கம் முழுக் கூர்மையாக இருந்தால் யாரோ ஈயம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

11. காசுல துணி நெசவு மாதிரி, இல்லன்னா கம்பி கிடந்த மாதிரி ஒரு தடம். எழுத்துமேலயே ஓடுது.

அச்சுக்கும் வில்லைக்கும் நடுவில் துணி, நூல், கம்பி, தூரிகை மயிர், உலோகச் சீவல் எது சிக்கினாலும் அதன் வடிவம் காசில் பள்ளமாகப் பதியும். நூல்தடம் எழுத்தின் மேட்டிலிருந்து தளத்துக்கு இறங்கும்போதும் ஒரே சீராக, கரைகள் உருண்டையாக இருக்கும். அடியில் பளபளப்பு இருக்கும். பின்னாளில் கீறியது என்றால் உலோகம் இருபுறமும் ஒதுங்கிக் கரை எழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

12. ஒரு பக்கம் முழுசும் வெறுமையா இருக்கு! ஒரு பக்கம் மட்டும் எப்படி அடிபடும்?

இரண்டு வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுகளுக்கிடையில் போய்விட்டால், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சைத் தொடும். மறுபக்கம் இன்னொரு வில்லையின் முதுகில் அழுந்தி வெறுமையாகும். உள்ளே சிக்கியது வெற்று வில்லையாக இல்லாமல் ஏற்கெனவே அடித்த காசாக இருந்தால், வெறுமைக்குப் பதில் அந்தக் காசின் வடிவம் கண்ணாடிப் பிம்பமாகப் பள்ளத்தில் பதியும். வில்லை பாதி மட்டும் மேலே கிடந்தால் பிறைவடிவில் ஒரு பகுதி மட்டும் வெறுமையாகும்.

இந்த வகைக் காசின் எடை முழுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் உலோகம் எதுவும் குறையவில்லை. இப்படிக் கிடைக்கும் ஒருபக்க வெறுமைக் காசுகளில் பெரும்பாலானவை கடைசல் எந்திரத்தில் வழித்தவை. எடை போட்டதுமே காட்டிக்கொடுக்கும்.

13. காசோட ஓரத்துல கடிச்ச மாதிரி ஒரு வளைவு இல்லை. யாராவது வெட்டினதா?

வெட்டியதாகவும் இருக்கலாம், பிறப்பிலேயே குறையாகவும் இருக்கலாம். தகட்டை நகர்த்துவது ஒருமுறை தவறினால், வெட்டும் உளி முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் கொஞ்சம் ஏறி விழும். வில்லை பிறைக்குறையோடு வரும்.

பிரித்தறிய மூன்று இடம் பாருங்கள். முதலாவது, குறைக்கு நேர் எதிர்ப்புற விளிம்பு. விளிம்பை உருட்டும் எந்திரத்தில் வில்லை இருபுறமும் ஒருசேர அழுந்த வேண்டும். குறை ஒருபக்கம் வரும்போது எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தமே கிடைக்காது. அதனால் எதிர் விளிம்பு மெலிந்திருக்கும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லா உண்மைக் குறைக் காசிலும் இது தெளிவாகத் தெரியும் என்றில்லை, தெரிந்தால் பலமான சான்று. இரண்டாவது, குறையை ஒட்டிய எழுத்துகள். தடுக்க உலோகம் இல்லாததால் குறையை நோக்கி இழுபட்டுக் கொழகொழவென்று இருக்கும். மூன்றாவது, விளிம்பு குறையை நெருங்கும்போது படிப்படியாகத் தணியும். பின்னாளில் வெட்டிய காசில் விளிம்பும் எழுத்தும் முழு உயரத்தில் வந்து கத்தி வைத்ததுபோல் சட்டென்று நின்றுவிடும்.

14. மேல்தோல் உரிஞ்ச மாதிரி ஒரு பகுதி இல்லை. அடியில வேற நிறம் தெரியுது.

இரண்டு விஷயம் இங்கே கலந்துவிடும். ஒன்று, உலோகக் கலவையில் அழுக்கோ வாயுவோ சிக்கி, உருட்டும்போது ஏடாகப் பிரிந்து உரிவது. இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க 5 சென்ட் காசுகள் (56 விழுக்காடு செம்பு, 35 வெள்ளி, 9 மாங்கனீசு) இதற்குப் பேர்போனவை. அந்தக் கலவை எளிதில் ஏடு பிரியும். அடிக்கும் முன்பே ஏடு போயிருந்தால் குழியின் அடியிலும் எழுத்தின் மங்கிய வடிவம் தெரியும். அடித்தபின் போயிருந்தால் குழிக்குள் வரிவரியாக வெற்று உலோகம்தான்.

மற்றது, அடுக்குக் காசு. 1965 முதல் அமெரிக்க 10, 25 சென்ட் காசுகளில் நடுவில் தூய செம்பும் இருபுறமும் செம்பு-நிக்கல் தோலும் இருக்கின்றன. தோல் ஒட்டாமல் போன வில்லையில் அடித்தால் ஒரு பக்கம் முழுக்கச் செம்பு நிறமாக வரும். இரண்டு தோலும் சேர்ந்து காசின் மூன்றில் ஒரு பங்கு எடை என்பதால், ஒன்று இல்லையென்றால் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைய வேண்டும். செம்பு நிறம் இருக்கிறது, எடை குறையவில்லை என்றால் அது கறையோ பூச்சோ.

15. மின்ட் மார்க் இல்லாத காசு கிடைச்சிருக்கு. அரிய காசுதானே?

பெரும்பாலும் இல்லை. எந்த நாணயச்சாலையும் எல்லாக் காலத்திலும் குறி போட்டதாக நினைக்காதீர்கள். இந்தியக் காசுகளில் மும்பைக்கு வைர வடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று உண்டு; கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. அமெரிக்காவில் 1965, 1966, 1967 ஆண்டுக் காசுகளில் எங்கே அடித்திருந்தாலும் குறி கிடையாது. பிலடெல்பியாவின் ஒரு சென்ட் காசில் 'பி' வந்தது 2017-இல் மட்டும்.

குறி இருந்தே தீர வேண்டிய காசு என்றால், அது அச்சுக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். முன்பு ஒவ்வொரு அச்சிலும் குறியைக் கையால் தட்டிப் பதித்தார்கள், அதனால் மறதிக்கு இடமிருந்தது. 1982 பிலடெல்பியா 10 சென்ட் காசில் 'பி' இல்லாதது அந்த மறதி. புரூஃப் காசுகளில் (சேகரிப்பாளர்களுக்கென்று தனி மெருகோடு அடிப்பவை) 1968, 1970, 1975, 1983 ஆண்டு 10 சென்ட் சிலவற்றில் சான் பிரான்சிஸ்கோவின் 'எஸ்' இல்லாததும் அப்படியே. 1990-களின் தொடக்கத்திலிருந்து குறியை மூல அச்சிலேயே (மற்ற அச்சுகளெல்லாம் எதிலிருந்து பிறக்கின்றனவோ அதில்) சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய சாதாரணக் காசில் குறி இல்லையென்றால் முதலில் 3-ஆம் பதிலுக்குப் போங்கள்.

இரண்டும் கலந்த வழக்கு 1922. அந்த ஆண்டு ஒரு சென்ட் காசு அடித்தது டென்வர் மட்டுமே, ஆகவே எல்லாவற்றிலும் 'டி' இருக்க வேண்டும். தேய்ந்தும் தீட்டியும் அடைபட்டும் போன அச்சுகளால் சிலவற்றில் இல்லை. சேகரிப்பாளர்கள் பெரிதாக மதிப்பது 'டி'யின் தடமே இல்லாமல், பின்பக்கம் கூர்மையாகவும், ஆண்டின் கடைசி 2 அதற்கு முந்தைய 2-ஐவிடத் தெளிவாகவும் உள்ளதைத்தான். பின்பக்கம் மழுங்கி, 'டி' லேசாகத் தெரிவதை அதே தட்டில் வைக்க மாட்டார்கள்.

16. ஆண்டே இல்லாத காசு, எழுத்தே இல்லாத ஓரம், ஆனா மத்ததெல்லாம் ஜோரா இருக்கு. இது எந்த வகை?

அச்சு தவறு செய்யவில்லை, அச்சைத் தேர்ந்தவர்கள் தவறினார்கள். பிரிட்டனின் 20 பென்ஸ் காசில் ஆண்டு பின்பக்கத்தில் இருந்தது. 2008-இல் புதிய பின்பக்கம் வந்தபோது ஆண்டை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். சில காசுகளுக்குப் பழைய முன்பக்கத்தையும் புதிய பின்பக்கத்தையும் ஜோடி சேர்த்துவிட்டதால் இரண்டிலும் ஆண்டு இல்லை. அவற்றில் மழுங்கலோ அடைப்போ தேடினால் கிடைக்காது.

ஓரத்து எழுத்து வேறு கதை. 2007-இல் வெளிவந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு டாலரில் ஆண்டு, மின்ட் மார்க், வாசகங்கள் எல்லாம் ஓரத்தில். அவற்றைக் காசு அடித்தபின் தனி எந்திரத்தில் உருட்டிப் பதித்தார்கள். அந்த எந்திரத்துக்குப் போகாமலே பைக்குள் விழுந்தவை வெற்று ஓரத்தோடு வெளியேறின. இப்படி ஒரு கட்டத்தையே தாண்டிவந்த குறையில் ஓரம் மாசுமறுவற்று வழவழவென்று இருக்கும். அரம் வைத்துத் தேய்த்த ஓரத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும், விட்டமும் குறையும்.

17. எடை போடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எடையில என்ன தெரியும்?

0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். உங்கள் காசுக்கான அதிகாரபூர்வ எடையையும் அனுமதிக்கப்பட்ட ஏற்றத்தாழ்வையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க 25 சென்ட் 5.67 கிராம், 0.227 கிராம் கூடலாம் குறையலாம். 5 சென்ட் 5.00 கிராம், 0.194 கிராம் ஏற்றத்தாழ்வு. கிரீஸ், அழுத்தக் குறைவு, தீட்டிய அச்சு எதிலும் எடை குறையாது. பிறைக்குறைக் காசு, ஏடு உரிந்த காசு, மெலிந்த வில்லை இவற்றில் குறையும்.

எல்லா எழுத்தும் சமமாக மெலிந்து, காசே சிறுத்து, எடையும் நன்றாகக் குறைந்திருந்தால் அமிலம் தின்றிருக்கிறது. அமிலத்துக்கு உயரம் தாழ்வு தெரியாது. இதைச் 'சிறிய வில்லையில் அடித்த காசு' என்று விற்பார்கள், கவனம். ஒரே ஓர் எழுத்தைச் சுரண்டிய போலியை மட்டும் எடையால் பிடிக்க முடியாது, சுரண்டியது தூசளவு. அங்கே லென்ஸ்தான்: எழுத்து இருந்த இடம் சுற்றுத்தளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும், ஒரே திசையில் நுண்கோடுகள் ஓடும், ஒளிச் சுழற்சி அறுந்திருக்கும்.

18. அப்போ கிரீஸ் காசுக்கு மதிப்பு இருக்கா இல்லையா?

இருக்கிறது, எதிர்பார்ப்பது போல இல்லை. ஓர் அச்சில் நிலையான குறை இருந்தால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு காசிலும் அதே குறை திரும்ப வரும். அதைப் பட்டியலிடலாம், பெயர் வைக்கலாம், தேடித் திரியலாம். மூன்று கால் எருமை அப்படி. கிரீஸ் அடைப்பு 4-ஆம் பதிலில் சொன்னபடி அடிக்கு அடி மாறும். பட்டியலில் இடம் பிடிக்காது, எந்த நாட்டுக் காசிலும் எந்த ஆண்டிலும் வரும். ஓர் எழுத்து மங்கிய காசு பெரும்பாலும் முகமதிப்புக்கே போகும். ஆண்டு முழுவதும், அல்லது முகம் முழுவதும் போய், காசு புத்தம்புதுப் பளபளப்போடு இருந்தால் கேட்பார் இருப்பார்கள்.

19. எழுத்து இல்லாத இடத்துல அழுக்கு மாதிரி இருக்கு. கழுவிப் பார்க்கலாமா?

கோந்து, சாயம், ஈயம் எழுத்தை மூடியிருக்க வாய்ப்பு உண்டுதான். தேய்க்க வேண்டாம், உப்பு, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கிட்டே வர வேண்டாம். அவை 5-ஆம் பதிலில் நாம் நம்பியிருக்கும் பளபளப்பையே அழித்துவிடும், பிறகு எந்தச் சோதனையும் பயன்படாது. கோந்து போன்றவற்றுக்குக் கலப்பில்லாத அசிட்டோன் சரி. நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி, மூடி, அரைமணி நேரம் விட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, ஒற்றாமல் தானாக உலர விடுங்கள். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்குச்சுடர் இருக்கும் அறையில் வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும். அசிட்டோன் உலோகத்தைத் தின்னாது. பாலிமர் அட்டையையோ வண்ணம் பூசிய நினைவுக் காசையோ அதில் போட்டுவிடாதீர்கள்.

20. என் காசுல எழுத்து காணாமப் போகல, வேற எழுத்து ஒண்ணு பள்ளமா உள்ள பதிஞ்சிருக்கு. இதுக்கும் கிரீஸுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இந்த வரிசையில் அழகான பிழை இதுதான். 4-ஆம் பதிலில் சொன்ன கெட்டியான அடைப்பு எழுத்தின் வடிவத்தை அப்படியே வார்ப்புப்போல எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் அது பள்ளத்திலிருந்து முழுதாகக் கழன்று வில்லையின்மேல் விழுகிறது. அடுத்த அடியில் அது காசுக்குள் அழுந்தி, எழுத்து பள்ளமாகப் பதிகிறது. விழுந்த விதத்தைப் பொறுத்து நேராகவோ, தலைகீழாகவோ, இடவலம் மாறியோ இருக்கும்.

உண்மையானதா என்று பார்க்க, பள்ளத்து எழுத்தின் அளவையும் வடிவத்தையும் அதே காசில் உள்ள அதே எழுத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஏனென்றால் வார்ப்பு வந்ததே அந்தப் பள்ளத்திலிருந்துதான். கையால் எழுத்துளி வைத்துத் தட்டியிருந்தால் எழுத்தின் வகை வேறாக இருக்கும், சுற்றிலும் உலோகம் எழும்பியிருக்கும், நேர் பின்பக்கத்தில் ஒரு தட்டையோ வீக்கமோ தெரியும்.